டை வெட்டவில்லையா, பவுடர் ஒட்டவில்லையா? கடற்கரை வீட்டில் கார்டு செய்பவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

போன கார்த்திகையில் கீழக்கரையிலிருந்து ஒரு பெண், டையை (கூரான விளிம்பால் அட்டையை வடிவமாக வெட்டும் அச்சு) ரோலருக்கு அடியில் அழுத்தி வெட்டும் கைப்பிடி மெஷினைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் மண்டபம் ஊருக்கு வந்துவிட்டாள். "அக்கா, மெஷின் போச்சுக்கா. நிக்காஹ் கார்டு 60 கொடுக்கணும், ஒண்ணுகூட ஒழுங்கா வெட்டல" என்றாள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அவள் கொண்டு வந்த அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, ஒரு மூலையைப் பிடித்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. நமத்துப்போன அப்பளம் மாதிரி துவண்டது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊர் எங்களுடையது. காலையில் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்புப் பிசுபிசுப்பு வரும். அந்தக் காற்றுதான் நம் காகிதத்திலும் டையிலும், எழுத்தின் மேல் தூவி உருக்கும் எம்பாஸிங் பவுடர் டப்பாவிலும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் வைத்தியம் பாதிதான் இங்கே பலிக்கும். அவர்கள் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கிறது, நம் வீட்டில் அப்படி இல்லை. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் அட்டையை ஆட்டிப் பாருங்கள். 'படபட' என்று சத்தம் வந்தால் காய்ந்த அட்டை, மேலே போகலாம். வராவிட்டால் முதலில் அதைக் காய வையுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டையில் வெட்டவும், பவுடர் உருக்கவும் அட்டை காய்ந்திருக்க வேண்டும். எம்பாஸிங் ஃபோல்டரில் (அட்டையை உள்ளே வைத்து அழுத்தினால் மேடான வடிவம் பதிக்கும் மடிப்பு அச்சு) அழுத்த அட்டையில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். இது தெரியாமல் எல்லா வேலையையும் ஒரே நாளில் ஒரே கட்டு அட்டையில் செய்யப் போய்த்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் வெட்டுகிறது, இன்னொரு பக்கம் வெட்டவில்லை

இதற்குத்தான் பலரும் மெஷினைத் திட்டுகிறார்கள். மெஷினைப் பிரிக்காமலே எங்கே குறை என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு பென்சிலும் பழைய அட்டை மூன்றும் போதும்.

முதலில் அடுக்கு சரிதானா என்று பாருங்கள். மெல்லிய எஃகு டை என்றால் கீழே அடிப்பலகை, அதன் மேல் ஒரு கட்டிங் பிளேட் (பிளாஸ்டிக் தகடு), அதன் மேல் வெட்டும் விளிம்பு மேலே பார்த்தபடி டை, டையின் மேல் அட்டை, கடைசியாக இன்னொரு கட்டிங் பிளேட். டையைக் குப்புற வைத்தால் வெட்டாது, அழுத்தத் தடம் மட்டும் விழும். மரமும் ஃபோமும் வைத்த தடித்த டைக்கு இந்த அடுக்கு பொருந்தாது. அதற்கு அடியில் உள்ளவற்றைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோலரில் சிக்கிக்கொள்ளும்.

அடுக்கு சரியென்றால், மேல் பிளேட்டின் ஒரு மூலையிலும் டையின் ஒரு முனையிலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஒரு தடவை ஓட்டுங்கள். வெட்டாத இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது டையை மட்டும், வெட்டும் விளிம்பு மேலே பார்த்தபடியே, அரைச்சுற்றுத் திருப்பி, அதாவது வலக்கோடி இடக்கோடியாகும்படி வைத்து, மறுபடி ஓட்டுங்கள். வெட்டாத இடம் டையோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் குறை டையில்: அந்த இடத்து விளிம்பு மழுங்கியிருக்கும் அல்லது லேசாக வளைந்திருக்கும். நகராமல் அதே இடத்தில் நின்றால் டை நல்ல டை. மூன்றாவது தடவை இரண்டு பிளேட்டையும் கீழ்மேலாகப் புரட்டி, முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். குறை இடம் மாறினால் பிளேட் வளைந்திருக்கிறது. எதை மாற்றினாலும் மெஷினின் அதே ஓரத்திலேயே நின்றால்தான் ரோலரைச் சந்தேகப்பட வேண்டும். என் அனுபவத்தில் அங்கே போய் நிற்பது அபூர்வம்.

பிளேட் வளைவதற்குக் காரணம் ஒரே முகத்தை மேலே வைத்து ஓட்டிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடுங்கள். மழுங்கிய இடத்துக்கும் வளைந்த பிளேட்டுக்கும் கைவசம் உள்ள மருந்து ஜெராக்ஸ் பேப்பர். ஒரு தாள் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெட்டாத இடத்தின் அளவுக்குத் துண்டு நறுக்கி, பிளேட்டுக்கு வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு துண்டு போட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. முழுத்தாளாகப் போடாதீர்கள், நன்றாக வெட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் அழுத்தம் கூடிப் பிளேட் விரிசல் விடும். கைப்பிடி இறுக்கமாகச் சுற்றலாம். ஆனால் எழுந்து நின்று உடம்பு பாரத்தைப் போட்டால்தான் சுற்றுகிறது என்றால் அடுக்கு கூடிவிட்டது, பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நீண்ட செவ்வக டையை ரோலருக்கு நேராக விடாமல் கொஞ்சம் சாய்த்து விடுங்கள். நேராக விட்டால் முழு விளிம்பும் ஒரே நேரத்தில் ரோலருக்கு அடியில் போய் முட்டும். சாய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு போகும்.

ஆடிக் காற்று நாட்களில் பிளேட்டை ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் பிளேட்டில் குழி விழும், டையின் விளிம்பும் போகும். தனுஷ்கோடி போய் வந்த பையை மேஜை மேல் வைக்கவே நான் விடுவதில்லை.

அறிகுறி: வெட்டிவிட்டது, ஆனால் டையை விட்டு வரமாட்டேன் என்கிறது

மெல்லிய சல்லடை வேலை உள்ள டைகளில் இது வரும். இராமேஸ்வரம் வந்துவிட்டுப் போகிறவர்கள் என்னிடம் பாம்பன் பாலம் போட்ட கார்டு கேட்பார்கள். அதிலும் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம்தான் வேண்டும் என்பார்கள். அதன் நடுப்பகுதியை இரண்டு இறக்கையாக மேலே பிரியும்படி கட்டியிருந்தார்கள். கார்டைத் திறக்கும்போது எழுந்து நிற்கிற மாதிரி செய்ய அது தோதான வடிவம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுசாகச் செங்குத்தாக ஏறும், அதற்கு வேறு மாதிரி மடிப்பு வேண்டும். இரண்டுக்குமே இரும்புச் சட்டங்களைக் காட்டக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடுகள் உள்ள டையைத்தான் பயன்படுத்துகிறேன். அட்டை நமத்திருந்தால் அந்தக் கோடுகள் டைக்குள் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், எடுக்கப் போனால் பிய்ந்துவிடும்.

டைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு மெழுகுத்தாள் வையுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்து, மெழுகுப் பக்கம் அட்டையைப் பார்க்கும்படி வைக்கலாம். இந்த வேலைக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக்கணக்கு) அட்டை வேண்டாம். 160 முதல் 220 வரை போதும். கார்டின் அடி அட்டைக்குத்தான் 250-க்கு மேல் தேவை. எடுக்கும்போது நகத்தால் நெம்பாதீர்கள். டையின் பின்புறத் துளைகளில் ஊசியை விட்டு நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரம் கிழியும், ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள்.

வெட்டிய விளிம்பு பிசிறடித்தால் அதுவும் ஈரம்தான். காய வைத்தும் பிசிறடித்தால் அட்டையின் நார் நீளம். பருத்திக் கூழில் செய்த கைத்தாள் பார்க்க அழகு, நுணுக்க டைக்கு ஆகாது. அதை எளிய வட்டம், சதுரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எம்பாஸிங் ஃபோல்டரில் போட்டால் அட்டை வெடிக்கிறது

இங்கே கதை திரும்புகிறது. மேட்டின் உச்சியில் கோடு கோடாக விரிந்து வெள்ளை தெரிந்தால் அட்டை மிகவும் காய்ந்திருக்கிறது, அல்லது மேலே மட்டும் நிறம் ஏற்றிய அட்டை. பூப்போட்ட ஆழமான ஃபோல்டருக்கு முன்னால் அட்டையின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஸ்பிரே ஒரு தடவை, ஒரு முழ தூரத்திலிருந்து. சொட்டக் கூடாது. தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டால் ஈரம் உள்ளே இறங்கி நார் இளகும். பிறகு அழுத்துங்கள்.

அந்தத் தண்ணீர் எது என்பது நம் ஊரில் முக்கியம். குழாயில் வருகிற உப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றினால், கறுப்பு அட்டையிலும் கருநீல அட்டையிலும் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு பொட்டாகப் பூக்கும். துடைத்தாலும் போகாது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த நல்ல தண்ணீரிலிருந்து ஒரு டம்ளர் ஒதுக்குங்கள், மாதக்கணக்கில் வரும்.

அழுத்தி எடுத்ததும் அப்படியே அடுக்கி வைக்காதீர்கள். விரித்துக் காய விட்டால்தான் மேடு இறுகி நிற்கும். வாடைக் காற்று நாட்களில் ஈரத்தோடு அடுக்கி வைத்த தட்டுகள் மறுநாள் பாதி தட்டையாகியிருக்கும். அதே போல, எம்பாஸ் செய்த அட்டையை மறுபடி டையில் வெட்டினால் பிளேட் மேட்டையெல்லாம் நசுக்கிவிடும். முதலில் வெட்டுங்கள், பிறகு எம்பாஸ் செய்யுங்கள்.

மேடு சரியாக எழும்பவே இல்லையென்றால் அடுக்கில் தடிமன் போதவில்லை. ஜெராக்ஸ் பேப்பர் வைத்தியமே இதற்கும். 3டி ஃபோல்டருக்கு மட்டும் எதிர்த் திசையில் யோசிக்க வேண்டும். அது தானே தடிமன், ஒரு பிளேட்டை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அறிகுறி: எம்பாஸிங் பவுடர் எழுத்தை விட்டு மற்ற இடத்திலெல்லாம் ஒட்டுகிறது

கீழக்கரைப் பெண்ணின் அடுத்த கவலை இதுதான். தங்க பவுடரில் மணமக்கள் பெயர், சுற்றிலும் தங்கத் தூசி. "டால்கம் பவுடர் போட்டுப் பார்த்துட்டேன்க்கா, நிக்கல" என்றாள். நிற்காது. டால்கம் பவுடரோ அதற்கென்று விற்கும் பொட்டலமோ மின்னூட்டத்தால் பவுடர் ஒட்டுவதைத் தடுக்கும், கை எண்ணெயையும் கொஞ்சம் மறைக்கும். அட்டையே ஈரமாக இருக்கும்போது அதனால் என்ன செய்ய முடியும்?

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்து, மை குத்துவதற்கு முன்னால் வெறும் அட்டையை முன்னும் பின்னும் பத்துப் பத்து நொடி சூடாக்கச் சொன்னேன். அட்டை தானாக நெளிந்தது. முதலில் சூடு பட்ட பக்கம் உள்நோக்கிக் குழிந்தது, பின்பக்கம் காட்டியதும் நிமிர்ந்தது. ஈரம் வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறியதும் பொட்டலத்தால் ஒரு தடவு, பிறகு மை, பிறகு பவுடர். தட்டி உதறினால் பெயர் மட்டும் நின்றது. விரலால் சுண்டினோம், ஒரு துகள் இல்லை. சூடாக்கிய அட்டையைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், மழைநாளில் அதற்கு மேல் விட்டால் மறுபடி ஈரம் குடிக்கும். அன்றைக்கு அவள் ஐந்து ஐந்தாகச் சூடாக்கிச் செய்தாள்.

அப்படியும் சில இடத்தில் ஒட்டினால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் உருக்குவதற்கு முன்பே தள்ளிவிடுங்கள். உருகிய பிறகு சுரண்டினால் அட்டையும் சேர்ந்து வரும். மீன் பொரித்த கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அட்டையைத் தொட வேண்டும்.

எழுத்திலேயே பவுடர் பிடிக்கவில்லை என்றால் மை காய்ந்துவிட்டது. சாதாரண ஸ்டாம்ப் மை சித்திரை வெயிலில், ஃபேனுக்கு அடியில், பவுடர் டப்பாவைத் திறப்பதற்குள் காய்ந்துவிடும். எம்பாஸிங்குக்கு என்று வரும் நிறமற்ற மையோ, மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையோ வேண்டும்.

அறிகுறி: பவுடர் உருகவில்லை, அல்லது உருகி எண்ணெய் மாதிரி பரவிவிட்டது

ஹேர் டிரையரால் முயன்றிருந்தால் விட்டுவிடுங்கள். அதன் சூடு போதாது, காற்று பவுடரை ஊதித் தள்ளிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 1500, 2000 வாட் ஹீட் கன்னும் நமக்கு அதிகம், கண்ணிமைப்பதற்குள் அட்டை பழுப்பாகும். கார்டு வேலைக்கான சின்ன ஹீட் கன் சுமார் 300 வாட்தான்.

அதை அட்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு சுவிட்ச் போடாதீர்கள். தள்ளிப் பிடித்து இருபது நொடி சூடேற விட்டு, பிறகு அட்டைக்கு அடியிலிருந்து காட்டுங்கள். சொரசொரப்பு போய்ப் பளபளப்பு வந்த நொடியே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பளபளத்த பிறகும் நின்றால் பவுடர் அட்டைக்குள் இறங்கி, மேடு தாழ்ந்து, சுற்றிலும் எண்ணெய்க் கறை மாதிரி தெரியும். அதற்குத் திருத்தம் கிடையாது, அந்த அட்டை போனதுதான்.

சாயங்காலம் லோ வோல்டேஜ் அடிக்கும் தெருக்களில் ஹீட் கன் சும்மா வெதுவெதுப்பாக ஊதும். பவுடர் உருக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: டையில் செம்பழுப்புப் புள்ளி

துரு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துக் கசியும், உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். டை மேல் படிந்த கடல் உப்பும் அதையேதான் செய்கிறது. எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப் படலம் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் வெறும் உலர் துணியால் துடைப்பது போதாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை எடுத்துவிட்டு, உடனே துடைத்து, ஹீட் கன் சூட்டை லேசாகக் காட்டி, தையல் மெஷின் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவி வையுங்கள். அடுத்த தடவை முதலில் இரண்டு வேஸ்ட் அட்டையை வெட்டுங்கள், எண்ணெய் அதில் போய்விடும். புள்ளி விழுந்துவிட்டால் பழைய டூத் பிரஷ்ஷும் அதே எண்ணெயும் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் விளிம்பு மழுங்கும்.

டையையும் அட்டையையும் இறுக்கமான மூடியுள்ள சம்படத்தில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது, சூடாக்கினால் நீலம் திரும்பும். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், குழந்தைகள் கைக்குப் போகவிடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் வருவது கிடைத்தால் அதை வாங்குங்கள்.

அறிகுறி: ஒட்டி முடித்த கார்டு படகு மாதிரி வளைகிறது

தண்ணீர் சேர்ந்த பசையை ஒரு பக்கம் மட்டும் முழுசாகப் பூசியிருப்பீர்கள். காகிதம் நாரின் குறுக்குவாக்கில்தான் அதிகம் உப்பும். அட்டையை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எளிதாக வளைகிற பக்கத்து மடிப்புதான் நார் ஓடும் திசையில் இருக்கும். ஒட்டும் இரண்டு அட்டைக்கும் நார் ஒரே திசையில் இருக்கட்டும், பசையைப் புள்ளி புள்ளியாக வையுங்கள், கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி. கார்டின் மடிப்பையும் அதே நார் வாக்கில் போட்டால் மடிப்பில் நிறம் உடையாது.

அறிகுறி: ஆல்பம் பக்கத்தில் கறை, கழன்ற படம்

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கணவருக்கு அனுப்ப, 12 அங்குலச் சதுர ஸ்கிராப்புக் பக்கங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. கடற்கரை நினைவாக ஒரு சிப்பியை ஒட்டச் சொல்வார்கள். ஒட்டின ஆறு மாதத்தில் சிப்பியைச் சுற்றி மஞ்சள் வட்டம் விழுந்திருந்தால் அது சிப்பி குடித்த உப்பு, ஈரக் காற்றில் வியர்த்து வெளியே வருகிறது. சிப்பியை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, வெயிலில் காயவைத்து, கறை இறங்காத ஒரு பிளாஸ்டிக் துண்டின் மேல் ஒட்டுங்கள். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எதுவும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அவற்றைக் காக்கிறது. கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்த வடிவத்தில் டை இருக்கிறது, காகிதத்தில் வெட்டி ஒட்டலாம்.

டபுள் சைடு டேப் கழன்றால் ஒட்டும் இடத்தை முதலில் ஹீட் கன்னால் காய வையுங்கள், ஒட்டிய பிறகு கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள். படத்தின் பின்புறம் மூலைகளில் மட்டும் ஒட்டாமல் நடுவிலும் ஒரு பட்டை போடுங்கள். படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டால் உறை பிவிசியாக இருக்கும். பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பத்துப் பாட்டி ஒருவர், கையில் மிஞ்சிய ஒரே கல்யாணப் படத்தை என்னிடம் நீட்டி, "இதை ஒட்டிக் குடு தாயி" என்றார். அந்தப் படத்தின் மேல் டேப்பும் பசையும் படக் கூடாது என்று சொல்லி, நகல் எடுத்து நகலை ஒட்டினேன். அசலைப் பக்கத்தின் பின்னால், அமிலமில்லாத காகித உறையில், நாலு மூலைகளையும் காகித முக்கோணத்தில் செருகி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் தை மாதம் ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், உறையைத் திறந்து அரைமணி நேரம் நிழலில் காற்றாட வைக்க.